பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பையன்

மூணே மாசம் என்று சொல்லித்தான் பிள்ளையை அனுப்பினார்கள். மூணே மாசம் என்று சொல்லி ஆரம்பித்த காரியம் எதுவாவது மூன்று மாதத்தில் முடிந்து பார்த்தவர்கள் இருந்தால் கையைத் தூக்கட்டும். கணவனுக்கு வெளிநாட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகத் தடையில்லை. ஐந்து வயசுப் பையனிடம் யாரும் இலக்கணம் கேட்பதில்லை. பெண்டாட்டி வர வேண்டுமென்றால் மட்டும் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும் என்று அந்த நாட்டில் ஒரு சட்டம். புருஷனோடு குடித்தனம் நடத்த எந்த ஊரில் இலக்கணம் தேவைப்பட்டதோ தெரியவில்லை. அங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஒரு வருஷத்தை ஏன் வீணாக்குவது, நீங்கள் ரெண்டு பேரும் முன்னால் போங்கள், நான் பரீட்சையை முடித்துவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று சொன்னவள் அவளேதான். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

இப்போது பையனுக்கு ஏழு நடக்கிறது.

அவள் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை பார்த்தாள். முன்னால் அலமாரி, விளக்கு, சிரித்த முகமாக விற்கிற பெண்கள். பின்னால் தண்ணீர் சொட்டுகிற தேய்ப்பு இயந்திரம், மேஜையெல்லாம் வெள்ளைத் தூள், தட்டுத் தட்டாக ஊராருடைய பார்வை. வட்டமாக வருகிற லென்ஸில் மையம் குறித்து, ஃபிரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்த்து, சூடு காட்டி உட்கார வைத்துக் கொடுப்பது அவள் வேலை. கை சுத்தம் என்று பெயர் வாங்கியவள். ஆங்கிலம் என்றால் மட்டும் வாய் ஒட்டிக்கொண்டுவிடும்.

முதல் தடவை எழுத்துத் தேர்விலேயே விழுந்தாள். தமிழில் ஒரு நாய் வந்தது, அந்த நாய் போனது, விஷயம் முடிந்தது. ஆங்கிலத்தில் சூரியனுக்கு ஒரு 'தி' போட வேண்டும், சாப்பாட்டுக்குப் போடக் கூடாது. ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்தால் ஒரு மாதிரி, நோயாளியைப் பார்க்கப் போனால் வேறு மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். காலையில் பல் தேய்க்கிற நேரத்தில் ஒழுங்கில்லாத வினைச்சொற்கள், பஸ்ஸில் எதிர்ப்பதங்கள், கடையில் லென்ஸ் தேய்க்கும்போது செயப்பாட்டு வினை: லென்ஸ் குறிக்கப்படுகிறது, லென்ஸ் வெட்டப்படுகிறது, லென்ஸ் கழுவப்படுகிறது. இரண்டாம் தடவை எழுத்து, வாசிப்பு, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டாள். பேச்சுத் தேர்வு மட்டும் பாக்கி. அந்த அறையில் ஒரு அட்டையை நீட்டினார்கள். நீங்கள் இன்னும் அடிக்கடி பார்க்க விரும்பும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று போட்டிருந்தது.

"மை சன்" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. தேர்வாளர் நல்ல மனுஷன், டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பதிவு செய்கிற கருவி அவள் மூக்கை உறிஞ்சியதையெல்லாம் பொறுமையாகப் பதிவு செய்தது. கண்ணீருக்கு மார்க் கிடையாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இனி ஒரே ஒரு வாய்ப்புதான். கணவனுடைய வேலை ஒப்பந்தம் அடுத்த பருவத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அதற்குள் இவளுடைய மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் குடும்ப விண்ணப்பம் செல்லாது. மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இன்னும் இரண்டு வருஷம். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால், ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அதற்கும் அனுமதி இல்லை. பையனையாவது திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். படிப்பு பாழாகும், கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டு இப்படிச் சொல்லாதே என்று கணவன் கெஞ்சினான். அவன் சொல்வதும் நியாயம்தான். எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள், அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

டயர் கடைக்கு மேலே ஒரு ஆங்கில வகுப்பு நடந்தது. கீழே காற்றடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வினைச்சொல் சொல்ல வேண்டும். நடத்துகிறவளை எல்லோரும் மிஸ் என்பார்கள். அவளைவிட வயசில் சின்னவள், கால் சென்டரில் வெளிநாட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கி வாங்கியே ஆங்கிலம் பழகியவள். மிஸ்ஸுக்கு ஒரே ஒரு கொள்கை. பரீட்சை அறை கோர்ட் இல்லை, அங்கே யாரும் உண்மையைக் கேட்கவில்லை. எதற்கு உங்களிடம் ஆங்கிலம் இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

வகுப்பு அந்தக் கொள்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் லாரி ஓட்டுகிற ஒரு அண்ணனுக்கு நிஜத்தில் இரண்டு சம்சாரம், இரண்டு பக்கமும் வழக்கு. அத்தனையையும் ஆங்கிலத்தில் சொல்ல ஆயுசு போதாது. அதனால் ஆங்கிலத்தில் அவர் கல்யாணமாகாதவர், ஓய்வு நேரத்தில் ரோஜாச் செடி வளர்க்கிறார். மருந்துக்கடைத் தம்பிக்குக் 'காலமாகிவிட்டார்' என்பதற்கான ஆங்கிலம் அழகாக வாயில் வந்தது. அதை எங்கேயாவது சேர்க்க வேண்டும் என்பதற்காகத் தன் அப்பாவைச் சாகடித்துவிட்டான். அந்த அப்பா ஒரு மழை நாளில் குடையோடு மகனைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றபோது வகுப்பே எழுந்து நின்றது. மனுஷன் தனக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

கண்ணாடி அக்கா என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். அவள் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்து மூன்று முறை நின்றுபோனதை மிஸ் பார்த்தாள். வகுப்பு முடிந்ததும் தனியாக உட்கார வைத்தாள்.

"அக்கா, 'என் பையன்'னு வாயெடுத்தாலே உங்களுக்குத் தொண்டை அடைக்குது. அவன் பக்கத்து வீட்டுப் பையன்னு சொல்லிப் பாருங்க."

"எவன்?"

"உங்க பையன்தான். அவன பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுங்க. பரீட்சை முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கலாம்."

இன்னும் சில உத்தரவுகளும் வந்தன. குழந்தை உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். உண்டு என்றால் அடுத்த கேள்வி எங்கே இருக்கிறான் என்பதுதான், அங்கேயே கதை முடிந்துவிடும். எல்லாவற்றையும் இப்போது நடக்கிற மாதிரியே சொல்ல வேண்டும், பழையதாகச் சொன்னால் வினைச்சொல்லும் தடுக்கும், மனசும் தடுக்கும். பரீட்சை வரைக்கும் பையனுடைய முகத்தை வீடியோவில் பார்க்கவே கூடாது, குரல் மட்டும் போதும்.

அவளுக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடு என்று ஒரு சின்னப் பெண் நாக்கூசாமல் சொல்கிறாளே என்று படியிறங்கும்போது பொருமினாள். ஆனால் மறுநாள் கடையில், இயந்திரத்தின் சத்தத்துக்குள் வாயை ஒளித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மை நெய்பர்ஸ் சன்.

என்ன மாயமோ, அடைப்பு விட்டுப்போனது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. அவனுடைய அம்மா வேலைக்குப் போவதால் தினமும் என்னிடம் வருகிறான். அவன் தலைமுடி எவ்வளவு சீவினாலும் நிற்காது. ரொட்டியின் ஓரத்தைச் சாப்பிட மாட்டான், ஆனால் ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தால் ஓரம் எங்கே என்று கேட்பான். நான் அவனுக்குத் தலை துவட்டுகிறேன், கதை சொல்கிறேன். என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். ஒவ்வொன்றும் அச்சு அசலாகத் தன் பிள்ளையேதான். பெயரையும் வீட்டையும் மட்டும் மாற்றினாள், கட்டிவைத்திருந்த ஆங்கிலம் தண்ணீராக ஓடியது. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ திருடுகிற மாதிரிப் பயமாகவும் இருந்தது.

வீட்டில் பயிற்சிக்கு ஆள் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மாமியார் போன பிறகு மருமகளோடு இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனாலேயே அந்த வேலைக்கு அவர் பொருத்தம். அர்த்தத்தில் மயங்காமல் ஓட்டத்தை மட்டும் கவனிப்பார். அவள் எங்கேயாவது தயங்கி நின்றால் விரல் உயரும், தொடர்ந்தால் விரல் இறங்கும், நிற்காமல் முடித்துவிட்டால் "ரைட், போலாம்" என்பார். வாடகை வீட்டின் முன்னறையில், உலர்த்திய துணிகளுக்கு நடுவில், அவள் தன் பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்த கதையை அவர் ஏதோ நல்ல சேதி கேட்கிறவர் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் முதல் பகுதிக் கேள்விகளைப் பயிற்சி செய்தாள். குழந்தை உண்டா என்று தானே கேட்டு, தானே பதில் சொன்னாள். மாமனாருடைய விரல் உயர்ந்தது. அவள் எங்கேயும் தயங்கவில்லை, ஆனாலும் விரல் இறங்கவில்லை. 'சில்ட்ரன்' அவருக்குத் தெரிந்த வார்த்தை. அரை டிக்கெட் பலகையில் காலமெல்லாம் பார்த்தது. 'நோ' தெரியாதவர்கள் யார்?

"என்னம்மா சொல்ற நீ?" என்றார்.

விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் தெளியவில்லை. வாயிலிருந்து வருகிற வார்த்தை சும்மா போகாது, ஒற்றைப் பிள்ளை, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வேண்டாம் என்றார். வேறு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள், என்னைச் செத்துப்போனவன் என்று சொல்லிக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றார்.

"புள்ள வேணும்னுதான் மாமா புள்ள இல்லன்னு சொல்றேன்."

அதைச் சொன்ன வேகத்தில் அவள் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வருகிறபோது மட்டும் அவர் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பார். பதில் முடிந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கேட்பார்.

கணவனோடும் பயிற்சி நடந்தது. இவளுக்குக் காலை, அவனுக்கு மாலை. வேலையிலிருந்து வந்து, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பான். பையன் அங்கேயே மேஜையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதுவான். முன்பெல்லாம் அந்த நேரம் முழுக்கப் பையனுடையதுதான். இப்போது பரீட்சை தலைக்கு மேல் தொங்கியது. இவள் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வாள், கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே 'தி' விட்டுப்போன இடத்தையும் வினைச்சொல்லில் எஸ் விடுபட்ட இடத்தையும் பிடிப்பான். எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் பையனைக் கூப்பிடுவான்.

முதல் சில நாள் பையன் வந்தான். பிறகு ஹாய் என்று மட்டும் தூரத்திலிருந்து சொன்னான். பிறகு அதுவும் இல்லை. தூக்கம் வருதாம் என்றான் கணவன். பாடம் நிறைய இருக்காம் என்றான். பாத்ரூமில் இருக்கிறான் என்றான். வளர்கிற பிள்ளை, அவனுக்கென்று சிநேகிதர்கள் வந்துவிட்டார்கள், இதற்கெல்லாம் மனசை விடாதே என்றும் சொன்னான். பையனுடைய தமிழ் கழன்றுகொண்டு வருவதை அவள் ஏற்கனவே கவனித்திருந்தாள். தமிழ் போனால் அதோடு அம்மாவும் போய்விடுவாள் என்று ஒரு பயம். மறக்கிறான், என்னை மறக்கிறான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று இன்னும் வெறியாகப் படித்தாள்.

நடுவில் ஒரே ஒரு நாள் அவனாகவே பேசியை எடுத்தான். அவள் பக்கத்து வீட்டுப் பையனுடைய கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

"அந்தப் பையன் பேரு என்னம்மா?" என்றான், தமிழில்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை தானாக வந்துவிட்டான், அதுவும் தமிழில், அதுவும் தேர்வாளர் மாதிரிக் கேள்வி கேட்டு அம்மாவுக்கு உதவி செய்கிறான் என்று பூரித்துப்போனாள். ஹிஸ் நேம் ஈஸ் என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்த ஒரு பெயரைத் துளியும் தடுமாறாமல் சொன்னாள். பையன் பேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டான். உச்சரிப்பு பரவாயில்லை என்றான் கணவன்.

அதற்குப் பிறகு பையன் பேசியின் பக்கமே வரவில்லை.

அந்த வாரங்களில் அவள் கடையில் செய்தவை எதுவும் அவள் கைக்குத் தகுந்தவை அல்ல. ஒரு வயசான வாத்தியாருக்கு லென்ஸைக் கோணம் தவறிப் பொருத்திவிட்டாள். பார்வைக் குறைவு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்வில் லென்ஸ் உட்கார வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் தரையே சரிந்து தெரியும். மனுஷர் படியிறங்கத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். தேய்க்கிற நேரத்தில் அவள் ஏழு வயசுப் பையனுக்கு ஏற்ற பெயரடைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நீ பாஸாகறதுக்குள்ள என் கடை ஃபெயிலாயிடும்மா என்றார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை, அழுவாள் என்று தெரிந்ததும் டீ வாங்கி வரச் சொன்னார். அவள் டீயைக் குடித்துவிட்டு அதே லென்ஸை மறுபடி தேய்த்தாள். பாஸாகாவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. சுவர் மட்டும்தான் இருந்தது.

பரீட்சை அறையில் இந்த முறை ஒரு பெண்மணி. மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர், பதிவு செய்கிற கருவி, திருப்பி வைத்த கடிகாரம். அந்த அம்மாளுடைய கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஒரு சின்னத் திருகில் சரியாகிற விஷயம். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வேலை என்ன, வீடு எப்படி, வீட்டில் யார் யார் என்று கேள்விகள் வந்தன. மாமனாரோடு இருக்கிறேன் என்றாள். குழந்தைகள் உண்டா என்று அந்த அம்மாள் சிரித்த முகமாகக் கேட்டார்.

இல்லை, எனக்குக் குழந்தைகள் இல்லை என்றாள். வாக்கியம் முழுசாக, பிசிறில்லாமல், கேட்ட உடனே வந்தது.

அட்டை வந்தது. நீங்கள் மகிழ்ச்சியாக நேரம் செலவிடும் ஒருவரைப் பற்றி. பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். தலைமுடி, ரொட்டியின் ஓரம், காது மடல் எல்லாம் வரிசையாக வந்தன. அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், வழக்கமான கேள்விதான், ஒன்று கேட்டார். நீங்கள் வெளிநாடு போன பிறகு அவன் உங்களைத் தேட மாட்டானா?

மிஸ் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று சறுக்கியது. ஆனால் பழகிய வாய் நிற்கவில்லை. கொஞ்ச நாள் தேடுவான், பிறகு பழகிவிடும், அவனை அவன் அம்மா பார்த்துக்கொள்வாள் என்றாள். எதிர்காலம் சரியாக விழுந்தது. அந்த அம்மாள் நன்றி சொல்லிக் கருவியை அணைத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள், வரவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. என்ன மனுஷி நான், எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்று தன்னைத்தானே வெறுத்தாள்.

தேறிவிட்டாள். தேவைக்கு மேலேயே மதிப்பெண். செய்தி பேசியில் வந்தபோது வீட்டில் இருந்தாள், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமனாரிடம் காட்டினாள். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் அவள் முகத்தைப் படித்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்தார். உடனே கணவனைக் கூப்பிட்டாள். அவன் அந்தப் பக்கம் கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினான். விண்ணப்பம், டிக்கெட், குளிருக்குச் சட்டை என்று மூச்சுவிடாமல் பேசினான். பையன் எங்கே, பையனைக் கூப்பிடுங்கள் என்றாள். அவன் வர மாட்டேன் என்றான் போலிருக்கிறது, ஏதோ இழுபறி கேட்டது. அம்மா வரப்போகிறாள்டா என்று கணவன் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. கடைசியில் ஒரு மூச்சுச் சத்தம் பேசிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா பாஸாயிட்டேன்டா. வந்துடுவேன்."

"வேணாம்."

அவள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, என்ன என்றாள்.

"வேணாம். நீ இங்க வந்துட்டா அந்தப் பையன் யார் காதப் பிடிச்சுட்டுத் தூங்குவான்?"

எந்தப் பையன் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தெரிந்துவிட்டது. தெரிந்த வேகத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை பெரியவர்கள். மாமனாருக்கு மொழி தெரியாது, அவரை விட்டுவிடலாம். மிஸ்ஸுக்கு மார்க் கணக்கு. கணவனுக்கு மொழி தெரியும், ஆனால் அவன் காது முழுக்க 'தி' எங்கே விட்டுப்போகிறது என்பதில் இருந்தது. பெற்றவளுக்கோ எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்பது தவிர வேறு புத்தி இல்லை. அவள் பேசிய ஆங்கிலத்தை ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்கிறவன் அந்த மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. தினம் தினம் அவன் கேட்டிருக்கிறான். அம்மா வேறு ஒரு பையனுக்குத் தலை துவட்டுகிறாள், கதை சொல்கிறாள். தன் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்கு இப்போது வேண்டியதில்லை. அந்தப் பையனுக்கு ஒரு பெயரும் இருக்கிறது.

"அது நீதான்டா கண்ணு," என்றாள். "அப்படி ஒரு பையனே கெடையாது. பரீட்சைக்காக அம்மா பொய் சொன்னேன். உன்னைப் பத்திச் சொன்னா அழுகை வருது, பேச முடியல. அதான் பக்கத்து வீட்டுப் பையன்னு சொன்னேன்."

"நான் அங்க இல்லையே. அவன் டெய்லி வர்றான்னு சொன்னியே."

"பொய்டா. எல்லாம் பொய். முடி நிக்காதுன்னு சொன்னது உன் முடிதான். ரொட்டி ஓரம் கேட்டது நீதான்."

"நான் இப்ப ஓரம் சாப்பிடறேன்," என்றான்.

அந்தப் பக்கம் அவன் யோசிப்பது தெரிந்தது. நம்பலாமா வேண்டாமா என்று ஏழு வயசுப் பிள்ளை தன் அம்மாவைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் நான்னா, எனக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு சொல்லு."

வீடியோவை நிறுத்திய பிறகு பல் விழுந்தது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் மாமனாரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர், தனக்கும் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கித் தலையைக் குனிந்துகொண்டார். எதையாவது சொல்லலாம். கீழ்ப் பல்தான் பிள்ளைகளுக்கு முதலில் விழும். சொன்னால் பலிக்கவும் பலிக்கலாம். இத்தனை நாள் இல்லாததையெல்லாம் தடுமாறாமல் சொன்ன வாய்தானே. அவளால் முடியவில்லை.

"தெரியலடா," என்றாள். "அம்மாவுக்குத் தெரியல." பரீட்சை நாளிலிருந்து வராமல் நின்ற அழுகை அப்போது வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலை அடக்காமல், மாமனார் பக்கத்தில் இருக்கிறார் என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதாள்.

பையன் அது முடிகிற வரைக்கும் பேசியை வைக்கவில்லை.

"மேல," என்றான் கடைசியில். "முன்னாடி ரெண்டு. ஒண்ணு திரும்ப வந்துடுச்சு. சீக்கிரம் வந்தா இன்னொண்ணோட ஓட்டையப் பாக்கலாம்."